ரிட்டன் அண்ணாச்சியும் நாலு துண்டுச் சான்றிதழும்

குப்பைத்தொட்டியில் போட்ட சாமான் குப்பையோடு போய்விடும் என்பது உலக வழக்கம். எங்கள் ஆபீசில் மட்டும் அது மூன்றாம் நாள் காலையில் நம் மேஜைக்கே திரும்பி வந்து, நம் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். கொண்டுவந்து வைப்பவர் ரிட்டன் அண்ணாச்சி. இந்த மும்பையில் குப்பை கொட்டுகிறவர்கள் எத்தனையோ பேர், அள்ளுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் குப்பையை உரியவரிடமே ஒப்படைத்த ஒரே மனிதர் அவர்தான் என்று எங்கே வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்.

பிள்ளைகளா, உங்களையெல்லாம் பள்ளிக்கூடத்தில் ‘சுற்றுச்சூழலைக் காப்போம்’ என்று சார்ட் செய்யச் சொல்கிறார்கள் இல்லையா? என் மகளும் போன வாரம் ஒன்று செய்தாள். தெர்மாகோலில் பூமி உருண்டை, அதன்மேல் பிளாஸ்டிக் இலை. பார்த்ததும் எனக்கு அண்ணாச்சி ஞாபகம் வந்துவிட்டது. அதை அவர் பார்த்திருந்தால் அரை மணி நேரம் பேச்சே வந்திருக்காது. அதனால்தான் அவரைப் பற்றி உங்களுக்கு எழுதலாம் என்று உட்கார்ந்தேன்.

எங்கள் ஆபீஸ் குர்லா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், இரண்டாம் மாடி. கப்பலில் சரக்கு அனுப்புகிற வியாபாரிகளுக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்து கொடுப்பதுதான் வேலை. மொத்தம் பதினோரு பேர். நான் கோவண்டியிலிருந்து வருவேன். அண்ணாச்சி தாராவியிலிருந்து பஸ்ஸில் வருவார். தபால் பிரிப்பதும் அனுப்புவதும் அவர் வேலை. வருகைப் பதிவேட்டில் அவருக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு. அதை அவரே கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் நினைத்துக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

அவர் வீடு இருந்த சந்தில் கீழ்த்தளம் முழுக்கப் பட்டறைகள். பழைய பேனா, பாட்டில், டப்பா எல்லாம் சாக்குச் சாக்காக வந்து இறங்கும். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள். ஒருநாள் அண்ணாச்சி வீட்டுப் படியிறங்கும்போது ஒரு சாக்கின் வாயில் எங்கள் ஆபீஸ் பெயர் போட்ட காலண்டர் எட்டிப் பார்த்திருக்கிறது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாங்கள் குர்லாவில் எறிவதெல்லாம் சுற்றிச் சுற்றி அவர் வாசலில்தான் வந்து இறங்குகிறது. ஊர் முழுக்க இருக்கிற சந்துகளில் அவர் சந்தாகப் பார்த்து வந்தது எங்கள் அதிர்ஷ்டமா, துரதிர்ஷ்டமா என்று இன்றுவரை ஆபீசில் இரண்டு கட்சி உண்டு.

முதலில் மாட்டியவன் நான். ஒரு காலை மேஜையில் என் நீலப் பேனா. மூன்று நாள் முன்னால் தொட்டியில் போட்டது.

“என்னவே, இது உம்ம பேனாதான?”

இந்த மாதிரிப் பேனா ஊரெல்லாம் கிடைக்கும் அண்ணாச்சி என்றேன். அவர் மூடியைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் கடித்துக் கடித்துச் சப்பையாகியிருந்தது.

“பல்லு உம்ம பல்லுவே. முன்னாடி ரெண்டுக்கும் நடுவுல சந்து இருக்குல்லா, பாரும். மை பாதி கெடக்கு. எழுதிட்டுப் போடும்.”

அன்றோடு ஆபீசில் பேனா மூடி கடிக்கும் பழக்கம் ஒழிந்தது. மற்றவர்கள் எனக்காக வருத்தப்பட்ட மாதிரி இருந்தாலும் எல்லாரும் அவரவர் பல்லைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

அப்புறம் ஏ.சி. எங்கள் கணக்காளர் ஒருவர், மாட்டுங்காவிலிருந்து வருவார், எல்லாருக்கும் மாமா. அவர் மே மாதத்தில் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பார். ஏ.சி. அவர் தலைக்கு நேர் மேலே. குறைக்கச் சொல்ல மாட்டார். மத்தவாளுக்கு வேர்க்கறதே என்பார். அண்ணாச்சி ஒருநாள் அவர் முன்னால் போய் நின்று ஏ.சி.யையும் ஸ்வெட்டரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“மாமா, மேல அது குளுரக் குளுர ஊதுது. கீழ நீங்க சூடாக்குதீங்க. ரெண்டு பேருக்கும் நடுவுல கரண்டு என்ன பாவம் செஞ்சுது?”

அடுத்த நாள் ரிமோட்டைக் காணவில்லை. தேடினால், அண்ணாச்சியின் டிபன் பையில், துண்டில் சுற்றிப் பத்திரமாக இருந்தது. குளிரைக் கூட்ட வேண்டுமானால் அவரிடம் போய்க் காரணம் சொல்ல வேண்டும். “படியேறி வந்தேன்” என்பது அஞ்சு நிமிஷத்துக்குத்தான் செல்லும். “உடம்பு சரியில்லை” என்றால் ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒரு மாதத்தில் மாமா ஸ்வெட்டரைக் கழற்றினார். உள்ளே அவர் இவ்வளவு ஒல்லி என்பது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

பேப்பர் கப் கதையும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று டீ, பதினோரு பேர், கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். அண்ணாச்சி யாரிடமும் கேட்கவில்லை. தாராவியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போனார். நம் வீடுகளில் எவர்சில்வர் சாமானில் பேர் வெட்டி வாங்குவோமே, அதே மாதிரி பதினோரு டம்ளரில் பதினோரு பேர் வெட்டி வாங்கி வந்துவிட்டார். எல்லாம் தமிழில். எங்கள் மேனேஜர் மராத்திக்கார அம்மா. அவர் டம்ளரில் ‘மேடம்’ என்று இருந்தது. இது என்ன எழுத்து என்று கேட்டார். உங்க பேருதான் என்றோம். யோசித்துப் பார்த்தால் அதில் பொய்யும் இல்லை. பேர் வெட்டிய டம்ளரை யாராவது தூக்கி எறிவார்களா? கல்யாணத்துக்குக் கொடுத்த பாத்திரம் மாதிரி ஆளாளுக்குக் கழுவி, துடைத்து, கவிழ்த்து வைத்தோம்.

இத்தனைக்கும் ‘சுற்றுச்சூழல்’ என்ற வார்த்தை அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. “இருக்கறத எதுக்குவே எறியணும்?” என்பார், அவ்வளவுதான்.

அவருடைய பெரிய வேலை புதன்கிழமை வேலை. பிரின்டர் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். ஒரு பக்கம் மட்டும் அச்சான வீண் காகிதங்களை அதில் போட வேண்டும். புதன்கிழமை மூன்று மணிக்கு அண்ணாச்சி அந்தக் கட்டை எடுத்து, இரும்பு ஸ்கேலை வைத்து, ஒவ்வொன்றையும் நாலாக வெட்டுவார். பார்சலில் வந்த சணலை வைத்துத் தைத்து, குட்டிக் குட்டி நோட்டாக்கி மேஜைக்கு மேஜை கொடுப்பார். காலியான பக்கத்தில் நாம் எழுதிக்கொள்ளலாம். ஆனால் வெட்டுவதற்கு முன்னால் ஹாலின் நடுவில் நின்று, ஏலம் போடுகிறவர் மாதிரி மூன்று தடவை கேட்பார்.

“வெட்டட்டுமா? வெட்டட்டுமா? வெட்டட்டுமா?”

மூன்று தடவையும் யாராவது ஒருவர் ‘வெட்டுங்க’ என்று சொன்னால்தான் ஸ்கேலைக் கையில் எடுப்பார். வேலை மும்முரத்தில் நாங்கள் தலையைத் தூக்காமலேயே சொல்வோம்.

இப்போது என் வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

ஒரு தோல்பை வியாபாரியின் சரக்கு வெளிநாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. அது இந்தியாவில் செய்த சரக்குதான் என்று ஒரு சான்றிதழ் வாங்கியிருந்தோம். ஊதா நிறத்தில் வட்ட முத்திரை குத்திய ஒரிஜினல். அந்தக் காகிதம் போய்ச் சேராவிட்டால் சரக்கை அந்தத் துறைமுகத்தில் விட மாட்டார்கள். போட்டோ, ஜெராக்ஸ் எதுவும் செல்லாது. அதை வாங்கி வந்து பத்திரமாக வைக்க வேண்டியது என் பொறுப்பு. அதற்கு முந்தின மாதம்தான் நான் ஒரு பைலைத் தப்பான விலாசத்துக்கு அனுப்பி மேடத்திடம் மாட்டியிருந்தேன். இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் சத்தம் போடாமல் சொல்லியிருந்தார். சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. என் மகளை அப்போதுதான் பாலர் பள்ளியில் சேர்த்திருந்தோம்.

வியாழக்கிழமை காலை மேடம் அந்தச் சான்றிதழைக் கேட்டார். நாளை மாலை கூரியரில் போக வேண்டும் என்றார். இதோ என்று டிராயரைத் திறந்தேன். இல்லை. பைலில் இல்லை. பையில் இல்லை. நாற்காலிக்கு அடியில் இல்லை. தலையில் கைவைத்து உட்கார்ந்தபோது மேஜையில் என் குட்டி நோட்டு. முதல் தாளில் யாருடைய போன் நம்பரோ எழுதியிருந்தேன். காற்றில் அது லேசாகத் திரும்பியது. பின்பக்கம், ஊதா நிறத்தில் அரைவட்ட நிலா.

நேற்று மத்தியானம் வீண் காகிதங்களோடு சேர்த்து அதையும் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கிறேன். மூன்று தடவை கேட்டபோது, மூன்றாவது ‘வெட்டுங்க அண்ணாச்சி’ சொன்ன குரலும் என்னுடையதுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போனேன். திருப்பிக் காட்டினேன். அவர் பார்த்தார். இரும்பு ஸ்கேலைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, சான்றிதழ் கொடுக்கிற ஆபீசில், தினம் தபால் கொண்டுபோகிற பழக்கத்தில் தெரிந்த ஒருவரிடம் பேசினார். வைத்துவிட்டு என்னிடம் வந்தார்.

“கிழிஞ்சாலும் பரவால்லையாம். ஒரிஜினலைத் திருப்பிக் குடுத்தா அங்ஙனயே புதுசு தருவாகளாம். ஆனா முழுசா இருக்கணும். ஒரு துண்டு கொறஞ்சாலும் போலீஸ்ல எழுதிக் குடுக்கணும், அது பல வாரம் ஆவும். நாலுல ஒண்ணு இருக்கு. எந்திரியும்.”

இரண்டாவது துண்டு மாமாவின் நோட்டில் இருந்தது. முத்திரையின் மீதிப் பாதிக்குப் பின்னால் பூசணிக்காய், வாழைப்பூ, கறிவேப்பிலை என்று வீட்டுக்கு வாங்க வேண்டிய காய்கறி. கொடுங்க மாமா என்று கையை நீட்டினேன். அவர் முதலில் அந்தப் பட்டியலை இன்னொரு தாளில் எழுதி முடித்தார். ‘புளி’யைச் சேர்க்க மறந்துபோய்ப் பேனாவை மறுபடி திறந்தார். வாழ்க்கையில் நான் ஒருவரை அடிக்க நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

மூன்றாவது துண்டு கீழே டீக்கடைக்குப் போயிருந்தது. யாரோ அதில் ‘நாலு கட்டிங், ஒன்று சர்க்கரை இல்லாமல்’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள்; கட்டிங் என்றால் மும்பையில் அரை டம்ளர் டீ. டீக்கடைக்காரர் வந்த சீட்டையெல்லாம் ஒரு கம்பியில் குத்தி வைப்பவர். உருவினோம். நடுவில் ஓட்டை, ஓரத்தில் டம்ளர் வட்டம். அரசாங்க முத்திரை மாதிரியே அழகாக விழுந்திருந்தது.

நாலாவதுதான் இல்லை. வரவேற்பு மேஜையில் இருக்கிற ஸ்நேகா அதில் ஏதோ குறித்துவிட்டு நேற்று சாயங்காலம் தொட்டியில் போட்டுவிட்டாளாம். தொட்டி இன்று காலையில் காலியாகிவிட்டது.

நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணாச்சி டிபன் பையை எடுத்தார். ஏ.சி. ரிமோட்டை மாமாவிடம் ஒப்படைத்தார். அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

“கடுதாசின்னா இன்னும் லாரி ஏறியிருக்காது. இந்நேரம் நம்ம பக்கம் பிரிச்சுக்கிட்டு இருப்பாக. வாரும், சாப்பாட்டு நேரத்துல போயிட்டு வந்துரலாம்.”

பஸ்ஸில் தாராவிக்குப் போனோம். அவர் சந்துக்குப் பின்னால் காகிதம் பிரிக்கிற கொட்டகை. வெள்ளைத் தாள் ஒரு குவியல், கலர் தாள் ஒரு குவியல், அட்டை ஒரு குவியல், ஒவ்வொன்றும் ஆள் உயரம். நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அண்ணாச்சி நேராக ஒரு அக்காவிடம் போனார். அவர் கை நிற்காமல் பிரித்துக்கொண்டே இருந்தது. எங்கள் கட்டிடத்துச் சாக்கு, வாயில் நீல டேப் சுற்றியிருக்கும் என்று அண்ணாச்சி சொன்னார்.

“அது வந்து, பிரிச்சு, வெள்ளையெல்லாம் வண்டி ஏறிப் போயாச்சே அண்ணாச்சி” என்றார் அக்கா. பிறகு என்னைப் பார்த்தார். “தொலைச்ச மவராசன் இவருதானா? நல்லா இஸ்திரி போட்ட சட்டை.”

கோவண்டியில் போய் வீட்டில் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். அண்ணாச்சி மட்டும் நகரவில்லை. வண்டியில் ஏற்றாமல் கழித்துப் போட்டது ஏதும் இருக்கா என்று கேட்டார். அக்கா காலால் ஒரு கூடையைத் தள்ளிவிட்டார். எண்ணெய்க் கறை பட்டது, பிளாஸ்டிக் பூசியது, காகிதக் கூழுக்கு ஆகாதது எல்லாம் அதில். அண்ணாச்சி கூடைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்துப் பார்த்தார். நானும் இஸ்திரிச் சட்டையோடு உட்கார்ந்தேன்.

கசங்கி, உருண்டையாக, நெல்லிக்காய் அளவில் ஒன்று. பிரித்தார். உள்ளே சூயிங்கம். ஸ்நேகா மென்று முடித்து மடித்துப் போட்டது. பசை ஒட்டிய காகிதம் ஆகாது என்று அக்கா கழித்துப் போட்டதால்தான் அது லாரி ஏறாமல் தப்பித்திருக்கிறது. பின்பக்கத்தில் அதிகாரியின் கையெழுத்து முழுசாக இருந்தது.

சூயிங்கம் மென்று காகிதத்தில் ஒட்டுவதை ஒழிக்க வேண்டும் என்று இரண்டு வருடமாக ஸ்நேகாவோடு சண்டை போட்டவர் அண்ணாச்சி. அந்த உருண்டையை ரிமோட் இருந்த துண்டிலேயே பத்திரமாகச் சுற்றினார்.

“இத அந்தப் பிள்ளைக்கிட்ட சொல்லிராதயும்வே” என்றார்.

மறுநாள் காலையில் நாலு துண்டையும் ஒட்டி எடுத்துக்கொண்டு போனோம். அங்கே இருந்தவர் போன் நம்பர், பூசணிக்காய், டீ எல்லாவற்றையும் படித்தார். நாலாவது துண்டை முகர்ந்து பார்த்தார். ஒன்றும் கேட்காமல் புதுச் சான்றிதழ் கொடுத்தார். மாலையில் கூரியர் போய்விட்டது.

ஆனால் விஷயம் மேடம் காதுக்குப் போகாமல் இருக்குமா? எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். யார் செய்த வேலை என்று இந்தியில் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணாச்சி, தான்தான் யாரையும் கேட்காமல் வெட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டார். மூன்று தடவை கேட்காமல் ஒரு காகிதத்தைக்கூடத் தொடாத மனிதர், கேட்காமல் வெட்டினேன் என்கிறார். நான் நின்றேன். என் வாய் மூடியே இருந்தது. பிள்ளைகளா, இதை எழுதவும் எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

வெளியே வந்து ஏன் இப்படிச் சொன்னீங்க என்று கேட்டேன்.

“எனக்கு ரிட்டயர் ஆவ ஆறு மாசந்தான் இருக்கு. உமக்கு இன்னும் எவ்வளவு கெடக்கு. போயி வேலையப் பாரும்.”

அவர் வேலை தப்பியது. ஆனால் மேடம் ஒரு உத்தரவு போட்டார். அட்டைப்பெட்டி கிடையாது, நோட்டு கிடையாது, ரிமோட் பொதுவில் இருக்கட்டும், அண்ணாச்சி தபால் வேலையை மட்டும் பார்க்கட்டும். திங்கட்கிழமை மாமா மறுபடி ஸ்வெட்டர் போட்டார். விருந்தாளி வந்தார் என்று ஒரு கட்டுப் பேப்பர் கப் வந்தது, விருந்தாளி போனபிறகும் தீரவில்லை. புதன்கிழமை மூன்று மணிக்கு எல்லாரும் எங்களையறியாமல் நிமிர்ந்து பார்த்தோம். அண்ணாச்சி தபால் உறை ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் மேஜையில் மட்டும் பேர் வெட்டிய டம்ளர். மூன்று நாள் ஆகியும், நாலு நாள் ஆகியும், யார் மேஜைக்கும் எதுவும் திரும்பி வரவில்லை.

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. வெள்ளைத் தாள் ஒன்று எடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில், நான்தான் பெட்டியில் போட்டேன், அவர் மூன்று தடவை கேட்டார், ‘வெட்டுங்க’ என்று சொன்னதும் நான்தான் என்று எழுதினேன். மேடம் மேஜையில் வைத்துவிட்டு, டிராயரில் இருந்த என் சாமான்களைப் பைக்குள் எடுத்து வைத்தேன்.

மேடம் படித்தார். அண்ணாச்சியைக் கூப்பிட்டு இது நிஜமா என்று கேட்டார். அண்ணாச்சி கொஞ்சங்கூடத் தயங்காமல், “அவருக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது மேடம், தப்பா எழுதிட்டாரு” என்று இந்தியில் சொன்னார். மேடம் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரித்தார். பிறகு என்னிடம், பையில் வைத்ததையெல்லாம் திருப்பி டிராயரில் வையுங்கள், இனிமேல் வெட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு தாளையும் நீங்கள் பார்த்து மூலையில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அட்டைப்பெட்டி திரும்ப வந்தது. மறுநாள் மாமா ஸ்வெட்டரைக் கழற்றினார். அண்ணாச்சி ரிட்டயர் ஆகிற வரைக்கும் புதன்கிழமை தோறும் நான் கை வலிக்கக் கையெழுத்துப் போட்டேன். இன்றைக்கும் போடுகிறேன். இப்போது மூன்று தடவை கேட்பது ஸ்நேகா.

அந்த வாரத்துக் கடைசியில் என் மேஜையில் ஒரு புது நோட்டு இருந்தது. சின்னது, நாலே தாள்தான், சணல் போட்டுத் தைத்திருந்தது. திருப்பிப் பார்த்தேன். என் எழுத்து. மேடத்துக்கு நான் எழுதிய கடிதம், அட்டைப்பெட்டிக்கு வந்து நாலாக வெட்டியிருந்தது. என் கையெழுத்துதான் அதில் ஏற்கெனவே இருந்ததே. அண்ணாச்சி அந்தப் பக்கமாகத் தபால் கட்டோடு போனார்.

“பின்பக்கம் காலியாத்தானவே கெடந்துச்சு. எழுதிக்கிடும்.”

அண்ணாச்சி இப்போது தாராவியில்தான் இருக்கிறார். பார்க்கப் போகும்போதெல்லாம், அந்த நோட்டை எழுதி முடிச்சாச்சா என்று கேட்பார். முடிச்சாச்சு அண்ணாச்சி என்பேன். அவரிடம் நான் சொல்கிற ஒரே பொய் அது. நாலு தாளும் இன்னும் காலியாகத்தான் என் டிராயரில் இருக்கின்றன.